ஜெர்மன் ஒயின் முதிர்வுச் சொற்கள்: ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே இணை போதுமா?

கேள்வி: சொற்றுணை

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். இயந்திரக் கையேடுகளும் ஒப்பந்தங்களுமே பெரும்பாலும் வரும். இம்முறை ரைன்காவ் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்ப ஒயின் பண்ணையின் விவரத்தாள்கள் வந்துள்ளன. லண்டனில் உள்ள ஓர் இறக்குமதியாளர் அவற்றைத் தம் விலைப்பட்டியலோடு சேர்த்து வெளியிடப் போகிறார். திராட்சை வகை, நிலம், அறுவடை பற்றிய வரிகளில் எனக்குச் சிக்கல் இல்லை. நொதித்தல் முடிந்தபின் ஒயினுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும் வரிகளில்தான் கை நின்றுவிடுகிறது.

முதற்சிக்கல் 'அவுஸ்பௌ' என்ற சொல். கட்டுமான ஆவணங்களில் இதை விரிவாக்கப் பணி என்ற பொருளில் பல முறை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒயினில் அதன் பொருள் வேறு என்பது தெளிவு. ஒரு தாளில் 'ஷ்டூக்ஃபாஸ்' என்ற பீப்பாயில் அவுஸ்பௌ நடந்தது என்றும், மற்றொன்றில் துருப்பிடிக்காத எஃகுக் கலனில் நடந்தது என்றும், மூன்றாவதில் ஒயின் 'ட்ரோக்கன்' ஆக, அதாவது இனிப்பு எஞ்சாதபடி, அவுஸ்பௌ செய்யப்பட்டது என்றும் உள்ளது. மூன்றுக்கும் 'ஏஜிங்' என்று எழுதினால் முதல் வாக்கியம் பொருந்துகிறது, இரண்டாவது மிகைப்படுத்துவதுபோல் ஒலிக்கிறது, மூன்றாவது பொருளே இல்லாமல் போகிறது.

இதோடு, ஒயின் பல மாதங்கள் 'ஃபோல்ஹேஃபெ' மீது இருந்தது என்கிறார்கள். அகராதி ஹேஃபெ என்றால் ஈஸ்ட் என்கிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து ஆக்கிய ஓர் இளம் ஒயினை 'ரெடுக்டீவ்' என்று பாராட்டுகிறார்கள். நான் படித்த ஆங்கிலச் சுவைக்குறிப்புகளில் 'ரிடக்டிவ்' என்பது பாராட்டாக வருவது அரிது. பழைய ஒயின்களுக்கான தாளில் 'ஃபிர்னெ' என்ற சொல்லும், ஆய்வக அறிக்கை ஒன்றில் 'உன்டூபிஷெ ஆல்டருங்ஸ்நோட்டெ' என்ற தொடரும் உள்ளன.

இப்பணியை எனக்கு அளித்த நிறுவனம், ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே இணைச்சொல் என்ற விதியை விடாப்பிடியாக வைத்திருக்கிறது. அவுஸ்பௌவுக்கு இரண்டாவது இணை ஒன்றை எழுதிய உடனே மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டுகிறது. இந்த விதிக்குள் நின்றே இவற்றைத் தர முடியுமா, அல்லது விதியைத் தளர்த்தச் சொல்லி வாதாட வேண்டுமா? வாதாட வேண்டுமென்றால் எந்த அடிப்படையில்?


மறுமொழி 1: நிலவறைவாசி

வணக்கம் சொற்றுணை அவர்களே. நான் ஃபால்ஸ் பகுதியில் ஒரு பண்ணையின் நிலவறையில் வேலை பார்ப்பவன். மொழிபெயர்ப்பு என் தொழில் அன்று. ஆனால் எங்கள் ஒயின்களுக்கு வரும் ஆங்கிலத் தாள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்திருப்பதால் நீங்கள் கேட்ட சொற்கள் அனைத்தோடும் எனக்குப் பழக்கம் உண்டு.

நொதித்தல் முடிந்த நாள்முதல் ஒயின் புட்டிக்குள் போகும் நாள்வரை அதற்குச் செய்யப்படுவது அத்தனையும் அவுஸ்பௌ. மண்டியின் மீது கிடத்தி வைப்பது, தெளிவை இறுத்து வேறு கலனுக்கு மாற்றுவது, கந்தகம் சேர்ப்பது, ஆவியாகிக் குறைந்ததை ஈடுசெய்யப் பீப்பாயை வாய்வரை நிரப்புவது, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாற விடுவது அல்லது மாறாமல் தடுப்பது, இறுதியில் வடிகட்டுவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். பிரெஞ்சுக்காரர்கள் கால்நடை வளர்ப்புக்கு வழங்கும் 'எலவாஜ்' என்ற சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொந்தச் சொல் இல்லை. ஆகவே, அச்சொல்லை மட்டும் பார்க்காமல், வாக்கியத்தில் அதற்குத் துணையாக வருவது எது என்று பாருங்கள். துணையாக வருவது மரக்கலன் என்றால் 'மெச்சுர்ட்' என்பது பொருந்தும். ட்ரோக்கன் என்பது போன்ற பாணிச்சொல் வந்தால் அங்கே காலம் பேசப்படவில்லை, ஒயின் எந்த வடிவத்தில் ஆக்கப்பட்டது என்பதே பேசப்படுகிறது. 'வினிஃபைட் டிரை' என்று எழுதுவதுதான் சரி. எஃகுக் கலனில் நான்கைந்து மாதம் மட்டும் இருந்த ஒயினுக்கு 'ஏஜ்டு' என்று போடும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவலாக உண்டு என்றாலும், எனக்கு அது பிடிப்பதில்லை. மார்ச் மாதம் புட்டியில் அடைத்த ஒயினுக்கு வயது என்ன வந்துவிட்டது? 'எஃகுக் கலனில் ஆக்கப்பட்டது' என்ற பொருளில் எளிமையாக எழுதிவிடலாம்.

உண்மையான தடங்கல் வேறோர் இடத்தில் உள்ளது. ஜெர்மன் மொழி நான்கு சொற்களாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலத்தில் 'ஏஜிங்' என்ற ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. புட்டிக்கு முன் நிலவறையில் நடப்பது அவுஸ்பௌ. ஒயின் பக்குவப்படுவது ரைஃபுங். இது பீப்பாயிலும் நடக்கும், புட்டியிலும் நடக்கும். புட்டியை வாங்கி வைத்துக் காத்திருப்பது லாகருங். மூப்படைவது ஆல்டருங், இதில் தளர்ச்சியின் சாயலும் உண்டு. எனவே ஒவ்வொரு வாக்கியத்திலும் இது பீப்பாயில் நடந்ததா, புட்டியில் நடந்ததா என்பதை ஆங்கில வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் வாசகர் அதைச் சொல்லிலிருந்தே தெரிந்துகொள்கிறார். ஆங்கில வாசகருக்கு அந்த வசதி இல்லை.

அடுத்து ஷ்டூக்ஃபாஸ். இது ரைன்காவ் பகுதியின் மரபான 1,200 லிட்டர் பீப்பாய். அதில் பாதி 'ஹால்ப்ஷ்டூக்', 600 லிட்டர். மோசல் பகுதிக்காரர்களுடையது 'ஃபூடர்'. அது ஏறத்தாழ 1,000 லிட்டர் கொள்ளும். 225 லிட்டர் மட்டும் கொள்ளும் சிறிய ஓக் பீப்பாயான 'பாரிக்' இவற்றின் இனமே அன்று. எங்கள் நிலவறையில் உள்ள பெரிய பீப்பாய்கள் பல பத்தாண்டுகள் பழையவை. உட்சுவரில் டார்ட்டாரிக் உப்பு படிகம் படிகமாகப் படிந்து, விளக்கைக் காட்டினால் மின்னும். அந்த மரம் ஒயினுக்குச் சுவை எதையும் தராது. பலகை வழியே மிக மெல்லக் காற்றை மட்டும் விடும். ஜெர்மன் தாளில் 'ஹோல்ஸ்ஃபாஸ்', அதாவது மரப்பீப்பாய், என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளூர் வாசகர் பெரும்பாலும் இதைத்தான் நினைப்பார். இதை ஆங்கிலத்தில் 'ஓக் ஏஜ்டு' என்று எழுதினால் லண்டன் வாங்குநர் வெனிலா மணத்தையும் புது மரத்தின் துவர்ப்பையும் எதிர்பார்த்துப் புட்டியைத் திறப்பார். அவர் ஏமாறினால் பழி பண்ணை மீதுதான் விழும். 'பழைய பெரிய ஓக் பீப்பாய்கள்' என்ற பொருளில் 'லார்ஜ்', 'ஓல்ட்' ஆகிய இரண்டு அடைகளையும் சேர்த்தே எழுதுங்கள். ஷ்டூக்ஃபாஸ் என்ற பெயரை அப்படியே விட்டு, கொள்ளளவை உடன் சேர்ப்பது இன்னும் நல்லது. பீப்பாய் பழையதா புதியதா என்பதைப் பண்ணையிடம் கேட்டுவிடுங்கள். புதிதாகச் செய்வித்த ஷ்டூக்ஃபாஸ்களும் உண்டு, அவை முதல் சில ஆண்டுகளுக்கு மரச்சுவை தரும்.

ஹேஃபெ என்பது நொதித்தல் நடக்கும்போது ஈஸ்ட். நொதித்தல் முடிந்து அடியில் படிந்தபின் அது மண்டி, ஆங்கிலத்தில் 'லீஸ்'. உங்கள் வாக்கியத்தில் அது எப்போதும் இரண்டாவதுதான். படிந்தது எதையும் அகற்றாமல் அப்படியே வைத்திருந்தால் ஃபோல்ஹேஃபெ. முதல் முறை இறுத்து மாற்றியபின் எஞ்சும் மென்படிவு ஃபைன்ஹேஃபெ. இரண்டாவதற்கு 'ஃபைன் லீஸ்' என்ற இணை தயாராக உள்ளது. முதலாவதற்கு ஆங்கிலத் தொழில்வழக்கு 'கிராஸ் லீஸ்' என்பது. துறை அறியாத வாசகருக்கு 'கிராஸ்' என்ற சொல் அருவருப்பையே நினைவூட்டும் என்பதால் நான் 'ஃபுல் லீஸ்' என்று மாற்றிவிடுவேன். குளிர்காலத்தில் பீப்பாயின் மேலடைப்பைத் திறந்து, வளைந்த கம்பியை இறக்கி மெதுவாகக் கிளறும்போது, கரைத்த தோசைமாவு போல ஒரு கலங்கல் மேலெழும்பி வரும். ரொட்டி சுடும் மணம் அடிக்கும். அழுகிய முட்டை மணம் அடித்தால் அன்றைக்கே இறுத்தாக வேண்டும்.

அந்த முட்டை மணத்திலிருந்துதான் ரெடுக்டீவ் பற்றிய குழப்பமும் தொடங்குகிறது. ஜெர்மனில் ஒயினை 'ரெடுக்டீவ்' ஆக அவுஸ்பௌ செய்தோம் என்றால், ஆக்சிஜன் படாமல் காத்து, எஃகுக் கலனில் குளிர்ச்சியாக வைத்து, பழமணம் குன்றாமல் புட்டியில் அடைத்தோம் என்று பொருள். அது செய்முறையின் பெயர். ஆங்கிலச் சுவைக்குறிப்பிலோ 'ரிடக்டிவ்' என்பது கந்தகச் சேர்மங்களின் மணம்: தீக்குச்சி உரசியது முதல் அழுகிய முட்டை வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த மணத்துக்கு எங்களிடம் 'போக்சர்' என்ற தனிச்சொல்லே உண்டு. ஆகவே உங்கள் தாளில் 'ஆக்சிஜனிலிருந்து காத்து ஆக்கப்பட்டது' என்ற பொருளில் 'புரொடெக்டிவ்' என்ற சொல்லைக் கொண்டு வாக்கியத்தை அமையுங்கள். இதன் மறுபக்கத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 'ஆக்சிடேட்டிவ்' என்பது காற்றோடு பழகவிடும் பாணி, 'ஆக்சிடைஸ்டு' என்பது கெட்டுப்போன ஒயின்.


மறுமொழி 2: பதின்மொழி

நிலவறைவாசி அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். எஃகுக் கலனுக்கு 'ஏஜ்டு' கூடாது என்பது நிலவறையிலிருந்து பார்க்கும்போது நியாயம்தான். ஆனால் விலைப்பட்டியல் படிக்கும் ஆங்கில வாசகர் அச்சொல்லுக்கு அவ்வளவு எடை கொடுப்பதில்லை, எஃகு என்று கண்டவுடன் இளமையான, புத்துணர்ச்சியுள்ள ஒயின் என்று புரிந்துகொள்கிறார். சந்தையில் நிலைத்துவிட்ட வழக்கை ஒரு மொழிபெயர்ப்பாளர் தனியாக நின்று எதிர்க்கத் தேவையில்லை. மாறாக, 'எலவாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலத்தில் இறக்கும் ஆசையை எதிர்க்கத்தான் வேண்டும். ஒயின் எழுத்தாளர்களுக்கு அது பழக்கமான சொல். ஆனால் ஜெர்மன் பண்ணையின் தாளில் அது வரும்போது, அப்பண்ணை பிரெஞ்சுப் பாணியைப் பின்பற்றுகிறது என்ற தோற்றம் உருவாகும். 1,200 லிட்டர் பீப்பாய் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

இனி உங்கள் நிறுவனத்தின் விதி. அதை எதிர்த்து வாதாடுவதைவிட, கலைச்சொல் தரவுத்தளத்தில் பதிவின் அளவை மாற்றுங்கள். அவுஸ்பௌ என்ற தனிச்சொல்லைப் பதிவு செய்யாமல், 'எஃகுக் கலனில் அவுஸ்பௌ', 'பாரிக்கில் அவுஸ்பௌ', 'ட்ரோக்கன் அவுஸ்பௌ', 'ரெடுக்டீவ் அவுஸ்பௌ' எனத் தொடர்களாகப் பதிவு செய்து ஒவ்வொன்றுக்கும் ஒரே இணையைக் கொடுங்கள். ஒரு மூலத்துக்கு ஒரே இணை என்ற விதியும் காக்கப்படும், பொருளும் காக்கப்படும். தனிச்சொல்லுக்கான பதிவை நீக்கிவிட்டால் மென்பொருளின் சிவப்புக் கோடும் மறைந்துவிடும். நிறுவனத்துக்குத் தேவை சீர்மை. அதைச் சொல்லளவில் காட்டினாலும் தொடரளவில் காட்டினாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

பாரிக் என்ற சொல் வரும் தாள்களில் மட்டும் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஓக் மரச்சில்லுகளைப் போட்டுச் சுவையேற்றுவதை 2006-இல் அனுமதித்தது. ஆனால் அப்படிச் செய்த ஒயினுக்குப் பீப்பாயில் நொதித்தது, பீப்பாயில் முதிர்ந்தது போன்ற குறிப்புகளை இடக் கூடாது. பிற்பாடு மரக்கலனிலேயே வைத்திருந்தாலும் கூடாது. அதனால் 'மரத்தொடு தொடர்பு' என்பதுபோல் மூலத்தில் மழுப்பலாக எழுதியிருந்தால், அதை 'பேரல் மெச்சுர்ட்' என்று அழகுபடுத்திவிடாதீர்கள். அங்கே மழுப்பலுக்குக் காரணம் இருக்கக்கூடும். ஒன்றியத்தின் சட்டத்தளத்தில் ஒரே ஒழுங்குமுறையின் ஜெர்மன் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் வசதி உள்ளது. தொழில்நுட்பச் சொற்களுக்கு நான் அகராதியைவிட அதையே நம்புகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனெனில் உங்கள் தாள்களில் கட்டாயம் வரும். 'லாகர்ஃபேயிஹ்' என்பது வைத்திருக்கத் தக்கது என்றுதான் சொல்கிறது. வைத்தால் மேம்படும் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'கீப்', இரண்டாவதற்கு 'இம்ப்ரூவ்'. பதினைந்து ஆண்டு லாகர்ஃபேயிஹ் என்றிருப்பதை 'பதினைந்து ஆண்டு மேம்படும்' என்று எழுதினால், பண்ணை தராத ஒரு வாக்குறுதியை அதன் பெயரில் நீங்கள் கொடுத்ததாக ஆகும். 'ட்ரிங்க்ரைஃபெ' என்பது குடிப்பதற்கேற்ற பக்குவம். அதற்கு 'ரெடி டு டிரிங்க்' போதும்.

'ரைஃப்' என்ற அடையிலும் கவனம் தேவை. பழுத்த திராட்சைக்கும் அதே சொல், பக்குவப்பட்ட ஒயினுக்கும் அதே சொல். ஆங்கிலம் முதலாவதை 'ரைப்' என்றும் இரண்டாவதை 'மெச்சூர்' என்றும் பிரிக்கிறது. ஓர் இளம் ஒயினின் அமிலத்தை 'ரைஃப்' என்று எழுதியிருந்தால், நன்றாகப் பழுத்த திராட்சையிலிருந்து வந்ததால் மாலிக் அமிலம் குறைந்து, நாவில் கூர்மையாகக் குத்தாத அமிலம் என்று பொருள். அதற்கும் ஒயினின் வயதுக்கும் தொடர்பில்லை. அறுவடை ஆண்டைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும்.


சொற்றுணை

இருவருக்கும் நன்றி. தொடர்களாகப் பதிவு செய்யும் யோசனையை நிறுவனத்திடம் சொன்னேன், மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஃபிர்னெயும் ஆய்வக அறிக்கையும் மட்டும் எஞ்சியுள்ளன. 1990-களின் ஓர் அவுஸ்லேசெ ஒயினில் (நன்கு பழுத்த குலைகளைத் தேர்ந்தெடுத்து ஆக்கும் தரவகை) 'ஏட்லெ ஃபிர்னெ' உள்ளது என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அதே பட்டியலில் வேறொரு ஒயினை, ஃபிர்னெ தலைகாட்டுகிறது என்பதால் விலை குறைத்திருக்கிறார்கள். ஒரே சொல் எப்படிப் புகழாகவும் குறையாகவும் இருக்கிறது? அந்தப் பழைய ஒயினுக்கே 'பெட்ரோல்' மணம் உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதலாமா, மறைமுகமாகச் சொல்ல வேண்டுமா?


மறுமொழி 3: ஆய்வகத்தான்

ஒயின் வேதியியலில் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இந்த இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபிர்னெ என்பது பழைய என்ற பொருளுள்ள பண்டை ஜெர்மன் வேரிலிருந்து வந்தது. ஆல்ப்ஸ் மலைகளில் கோடையைத் தாண்டியும் கரையாமல் கிடக்கும் பழம்பனிக்கும் இதே வேர்ச்சொல்தான் பெயர். இயந்திர மொழிபெயர்ப்பு உங்கள் ஒயினில் பனியைக் கொண்டுவந்து போட்டால் வியக்க வேண்டாம். வெள்ளை ஒயின் புட்டியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது சிறிது சிறிதாக ஆக்சிஜனேற்றம் நடந்து, நிறம் பொன்னிறமாக ஆழ்ந்து, பழமணம் பின்வாங்கி, தேன், உலர்பழம், கொட்டை, மெழுகு போன்ற மணங்கள் முன்வருவதைத்தான் ஃபிர்னெ என்கிறார்கள். இனிப்பும் அமிலமும் செறிந்த அவுஸ்லேசெயில் இது தாங்கும், அழகும் சேர்க்கும். அதற்குத்தான் 'ஏடல்', அதாவது உயர்ந்த, என்ற அடை. ஐந்தாண்டுக்குள் குடித்து முடித்திருக்க வேண்டிய மெலிந்த ஒயினில் இதே மாற்றம் வந்தால் அது தளர்ச்சி. சொல் நிகழ்வைத்தான் குறிக்கிறது, மதிப்பீட்டைக் குறிக்கவில்லை. மதிப்பீடு அடைமொழியிலும் விலையிலும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இப்படி நடுநிலையான ஒற்றைச்சொல் இல்லாததால் பிரித்துத்தான் தர வேண்டும். புகழும் இடத்தில் 'பாட்டில் ஏஜ்' என்ற தொடரோடு, அந்தக் குறிப்பிட்ட ஒயினில் உள்ள மணங்களை மூலத்தில் கூறியிருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதலாம். முதிர்வில் தோன்றும் மணங்களுக்கு 'டெர்ஷியரி' என்ற சொல் இப்போது பரவலாக உள்ளது, ஆனால் விலைப்பட்டியலுக்குச் சற்று வகுப்பறை வாடை அடிக்கிறது. குறையாகச் சொல்லும் இடத்தில் 'முதிர்ச்சியின் உச்சத்தைக் கடந்துகொண்டிருக்கிறது' என்ற பொருளில் எழுதுவதே போதுமானது. 'மேடரைஸ்டு' என்று சிலர் எழுதுவார்கள். அது வெப்பத்தாலும் காற்றாலும் முழுவதும் பழுதான ஒயினைக் குறிக்கும் கடுஞ்சொல், 'சிறிது ஃபிர்னெ' என்பதற்கு மிக அதிகம். உண்மையிலேயே காலங்கடந்த ஒயினுக்கு ஜெர்மனில் 'ஊபர்லாகர்ட்' என்ற வேறு சொல் இருக்கிறது. அது வந்தால் தயங்காமல் கடுமையாகவே எழுதுங்கள். ஃபிர்னெயின் எல்லையைக் காண விரும்புவோர்க்கு பிரெமன் நகரமன்ற நிலவறையில் 1653-ஆம் ஆண்டின் ரூடெஸ்ஹைம் ஒயின் இன்றும் பீப்பாயில் உள்ளது. அது விற்பனைக்கு இல்லை என்பதால் அதற்குச் சுவைக்குறிப்பு எழுதும் தொல்லை நமக்கு வராது.

பெட்ரோல் மணத்துக்குக் காரணமான சேர்மம் டி.டி.என். என்று சுருக்கி வழங்கப்படுகிறது. திராட்சையின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து உண்டாகிறது. ரீஸ்லிங்கில் இது மிகுதி. வெயில் நேரடியாகப் பட்ட குலைகளிலும், வெப்பமான இடத்தில் வைத்த புட்டிகளிலும் இன்னும் கூடும். மணத்தை நேர்மையாகச் சொன்னால் அது மண்ணெண்ணெய் மணம்தான், வாகன எரிபொருள் மணம் அன்று. ஜெர்மன் காதில் பெட்ரோல் என்பது விளக்கெரிக்கும் எண்ணெயான 'பெட்ரோலெயும்' என்பதன் பக்கத்தில் நிற்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெட்ரோல் என்றால் வண்டிக்கு ஊற்றுவது. ஆனாலும் ரீஸ்லிங் பற்றிய ஆங்கில எழுத்தில் 'பெட்ரோல்' நிலைபெற்றுவிட்டது, லண்டன் வாசகர் அதைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார். அமெரிக்க வாசகருக்காக எழுதினால் 'கெரசின்' என்று மாற்றலாம். இந்தச் சொல்லையே விரும்பாத பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் பண்ணை தானே எழுதியிருப்பதால் மறைக்கத் தேவையில்லை.

இனி உன்டூபிஷெ ஆல்டருங்ஸ்நோட்டெ, சுருக்கமாக யூ.டி.ஏ. இது முற்றிலும் வேறு. பெயரில் மூப்பு இருந்தாலும் இது மூத்த ஒயினுக்கு வரும் நிலை அன்று. புட்டியில் அடைத்துச் சில மாதங்களிலேயே இளம் வெள்ளை ஒயினில் தோன்றும் குறைபாடு. கொடியில் நீரும் நைட்ரஜனும் போதாமல் திராட்சை தவித்த ஆண்டுகளிலும், பழுக்குமுன் அவசரமாகப் பறித்த தோட்டங்களிலும் அதிகம் வருகிறது. கந்தகம் சேர்த்தபின், திராட்சையிலுள்ள இண்டோல் அசிட்டிக் அமிலம் சிதைந்து 2-அமினோ அசிட்டோஃபீனோன் உண்டாகிறது; இதை 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். முல்லர்-துர்காவ் என்ற வெள்ளைத் திராட்சை வகையில் இது நன்றாகத் தெரியும். கோப்பையை மூக்கருகே கொண்டு போனால் பழத்துக்குப் பதிலாகப் பெட்டியடியில் போட்டு வைத்த அந்துருண்டையும், ஈரக் கம்பளியும், தரை மெழுகும் கலந்ததுபோல் ஒரு வீச்சம் வரும். வாயில் ஒயின் வெறுமையாகவும் சற்றுக் கசப்பாகவும் முடியும்.

ஆங்கிலத் தொழில்நுட்ப எழுத்தில் 'அட்டிப்பிக்கல் ஏஜிங்' என்பதே இணை. அது ஜெர்மன் தொடரின் நகல்தான், துறை சாராத வாசகரைத் திசைதிருப்பும் சொல்லும்கூட. ஆயினும் ஆய்வுக் கட்டுரைகளில் நிலைபெற்றுவிட்டதால் அறிக்கையில் அதையே எழுதுங்கள். 'டெயின்ட்' என்று சேர்ப்பவர்கள் உண்டு, நான் தவிர்ப்பேன். அந்தச் சொல் கார்க் அல்லது கலனிலிருந்து ஏறிய மாசைக் குறிப்பது. இங்கே வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, ஒயினுக்குள்ளேயே உருவாகிறது. உங்கள் அறிக்கையில் அருகிலேயே அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தது பற்றிய வரி இருக்கக்கூடும், பாருங்கள். அந்தச் சிதைவைத் தடுக்கவே பண்ணைகள் அதைச் சேர்க்கின்றன. எனவே இரண்டு வரிகளையும் தொடர்புபடுத்தி மொழிபெயர்க்க வேண்டும்.


மறுமொழி 4: பதின்மொழி

ஆய்வகத்தான் அவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய யூ.டி.ஏ.வைச் சொன்னதால், அதே வரிசையில் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 'ஆல்டெ ரேபன்' பழைய கொடிகளைக் குறிக்கிறது. ஒயின் கடந்த ஆண்டினதாக இருக்கலாம். 'லாகெ' என்பது திராட்சைத் தோட்ட நிலம், 'லாகர்' என்பது இருப்பு. 'லாகன்வைன்' என்பதை வைத்திருந்த ஒயின் என்று மொழிபெயர்த்த தாளை நானே பார்த்திருக்கிறேன், அது ஒரே தோட்டத்து ஒயின். 'கபினெட்' இதற்கு நேர்மாறான கதை. 18-ஆம் நூற்றாண்டில் ரைன்காவின் எபர்பாஹ் மடம் தன் மேலான ஒயின்களைத் தனியே வைத்த நிலவறையோடு தொடர்புடைய இச்சொல், அக்காலத்தில் சேமிப்பைப் பற்றியதாகவே இருந்தது. 1971-ஆம் ஆண்டின் ஒயின் சட்டம் அதைத் திராட்சைச்சாற்றின் சர்க்கரைச் செறிவைக் குறிக்கும் தரப்பெயராக்கிவிட்டது. ஆகவே பண்ணையின் வரலாற்றுப் பக்கத்தில் வரும் கபினெட்டும் விலைப்பட்டியலில் வரும் கபினெட்டும் ஒன்றல்ல. முன்னதற்கு ஓர் அரைவரி விளக்கம் தேவை, பின்னதை அப்படியே விட்டுவிடலாம்.

பழைய ஒயின்கள் 'ஷாட்ஸ்காமர்' பகுதியில் பட்டியலிடப்பட்டிருந்தால் அதைக் கருவூலம் என்று நேராகப் பெயர்க்க வேண்டாம். பண்ணை தன் இருப்பிலிருந்து பிற்பாடு எடுத்து விற்கும் ஒயின்களுக்கு ஆங்கில வணிகத்தில் 'லைப்ரரி ரிலீஸ்' என்ற வழக்கு இருக்கிறது. அந்தப் புட்டிகள் பண்ணையின் நிலவறையை விட்டு ஒருபோதும் வெளியேறவில்லை என்பதையும் அது உணர்த்தும். இறக்குமதியாளருக்கு அந்தச் செய்திதான் விலையைத் தீர்மானிப்பது. ஆனால் அது உண்மைதானா, ஏலத்தில் திரும்ப வாங்கிச் சேர்த்த புட்டிகளும் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்பதை, பீப்பாயின் வயதைக் கேட்கும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.